கார்பன் புள்ளிகளைக் கொண்டு சீரத்தில் மெத்தோட்ரெக்சேட் அளத்தல்: ஒளிர்வு குறைவதன் உண்மையான காரணம் என்ன?

கேள்வி
பதிவர்: சீரம்_ஆய்வு

அனைவருக்கும் வணக்கம். நான் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டைஅமினையும் நீரில் கரைத்து, டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவில் 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம் வைத்துப் பெறும் நீல ஒளிர்வுடைய கார்பன் புள்ளிகளை (நானோ அளவிலான கார்பன் துகள்களை) கொண்டு, புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை இரத்தச் சீரத்தில் அளக்கும் முறையொன்றை உருவாக்க முயல்கிறேன்.

360 நானோமீட்டரில் கிளர்வூட்டினால் இப்புள்ளிகள் 445 நானோமீட்டரில் ஒளிர்கின்றன. பிஎச் 7.4 உள்ள பாஸ்பேட் பஃபரில் மருந்தைச் சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு சீராகக் குறைகிறது; 50 மைக்ரோமோலாரில் தொடக்க ஒளிர்வில் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விடுகிறது. 0.5 முதல் 50 மைக்ரோமோலார் வரை நேர்கோடு கிடைக்கிறது. வெற்றுக் கரைசலின் திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கிச் சாய்வால் வகுத்தால் கண்டறி வரம்பு 0.08 மைக்ரோமோலார் என வருகிறது. ஒளிர்வுத் தணிப்பின் வலிமையைக் காட்டும் ஸ்டெர்ன்–வோல்மர் மாறிலி மோலாருக்கு 1.3 × 10⁴. புள்ளிகளின் ஒளிர்வு ஆயுட்காலம் சுமார் 14 நானோவினாடி. இவ்விரண்டிலிருந்தும் கிடைக்கும் தணிப்பு வேகமாறிலி 10¹² அளவை நெருங்குவதாலும், மருந்தைச் சேர்த்த பின்னரும் ஆயுட்காலம் மாறாததாலும், புள்ளிக்கும் மருந்துக்கும் இடையே ஒளிராத கூட்டுப்பொருள் உருவாகும் நிலைத் தணிப்பே நிகழ்கிறது என்று கட்டுரையில் எழுதியிருந்தேன்.

கட்டுரை திருத்தத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறது. உள்வடிகட்டல் விளைவை (மருந்தே கிளர்வொளியை உறிஞ்சிக்கொள்வதை) விலக்காமல் நிலைத் தணிப்பு என்று முடிவு கட்ட இயலாது என ஒரு மதிப்பீட்டாளர் எழுதியுள்ளார். நலமுள்ள தன்னார்வலரின் சீரத்தை 100 மடங்கு நீர்த்து மருந்தைச் சேர்த்தபோது சேர்த்த அளவில் 96 முதல் 103 விழுக்காடு வரை மீட்பு கிடைத்தது; ஆனால் 5 மடங்கு மட்டுமே நீர்த்தால் ஒவ்வொருவர் சீரத்துக்கும் அடிக்கோடே வேறாக இருக்கிறது. நீர்த்தலைக் குறைத்து அளக்க வழி உண்டா, மருத்துவமனைகளில் ஏற்கெனவே எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் இம்யூனோஅஸ்ஸே இருக்கும்போது இத்தகைய உணரிக்கு இடம் இருக்கிறதா என்பவற்றையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.


மறுமொழி 1
பதிவர்: நிறமாலைக்கூடம்

மதிப்பீட்டாளர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கான விடையின் பெரும்பகுதி நீங்கள் தந்திருக்கும் எண்களிலேயே இருக்கிறது.

மெத்தோட்ரெக்சேட் கரைசலைச் சற்றுச் செறிவாகத் தயாரித்தால் அது மஞ்சளாக இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். நடுநிலைக் கரைசலிலும் காரக் கரைசலிலும் அதற்கு 258, 302, 370 நானோமீட்டர்களை ஒட்டி மூன்று உறிஞ்சல் பட்டைகள் உண்டு. நீங்கள் கிளர்வூட்டும் 360 நானோமீட்டர் மூன்றாவது பட்டையின் மீதே விழுகிறது. ஆகவே மருந்து கார்பன் புள்ளியைத் தொடாமலேயே, அதற்குச் சேரவேண்டிய ஒளியை வழியிலேயே எடுத்துக்கொள்கிறது. விளக்கின் முன் மஞ்சள் கண்ணாடித்தாளைப் பிடித்தால் அறை மங்குவதைப் போன்றதுதான் இது.

இதன் அளவைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். அந்தப் பட்டையில் மோலார் உறிஞ்சல் குணகத்தை ஏறத்தாழ 7,000 எனக் கொள்வோம். உங்கள் பஃபரில், உங்கள் கிளர்வு அலைநீளத்தில் உள்ள மதிப்பை நீங்களே அளந்து இட்டுக்கொள்ளுங்கள். 50 மைக்ரோமோலார் கரைசலின் உறிஞ்சளவு 1 சென்டிமீட்டர் குவெட்டில் (மாதிரியை இடும் கலத்தில்) 0.35 ஆகும். ஒளிர்வுமானி பொதுவாகக் குவெட்டின் நடுப்பகுதியிலிருந்து வரும் ஒளியையே காண்பதால் இதில் பாதியை எடுத்துக்கொண்டால், பார்க்கப்படும் ஒளிர்வு 10-இன் அடுக்கு −0.175 மடங்காக, அதாவது சுமார் 67 விழுக்காடாகக் குறையும். நீங்கள் கண்ட 40 விழுக்காட்டுக் குறைவில் 33 விழுக்காட்டை உள்வடிகட்டல் மட்டுமே விளக்கிவிடுகிறது. எஞ்சுவது சிறிது. திருத்தப்பட்ட ஒளிர்வைக் கொண்டு ஸ்டெர்ன்–வோல்மர் மாறிலியை மீண்டும் கணக்கிட்டால் அது 1.3 × 10⁴-இலிருந்து 2 × 10³-ஐ ஒட்டிய மதிப்புக்கு இறங்கிவிடும். அந்தச் சிறு எச்சமும் திருத்தத்தின் பிழை எல்லைக்குள் அடங்கிவிடக் கூடும்.

தணிப்பு வேகமாறிலி 10¹⁰-ஐத் தாண்டினால் அது மோதல்வழித் தணிப்பு அன்று என்பது உண்மை. ஏனெனில் நீரில் மூலக்கூறுகள் பரவி வந்து மோதும் வேகத்துக்கு அதுதான் மேல்வரம்பு. உங்கள் புள்ளிகளின் 14 நானோவினாடி ஆயுட்காலத்துக்கு, மோதல் மட்டுமே 50 மைக்ரோமோலாரில் தரக்கூடிய குறைவு 1 விழுக்காட்டைக்கூட எட்டாது. ஆனால் ‘மோதல்வழி அன்று’ என்பதிலிருந்து ‘ஆகவே நிலைத் தணிப்பு’ என்ற முடிவுக்குத் தாவ இயலாது. நிலைத் தணிப்பிலும் ஆயுட்காலம் மாறாது, உள்வடிகட்டலிலும் மாறாது. இரண்டையும் பிரித்தறிய ஆயுட்கால அளவீடு உதவவே உதவாது என்பதை இத்துறைக் கட்டுரைகள் பல கவனிக்கத் தவறுகின்றன என்பது என் உறுதியான கருத்து. புள்ளியிலிருந்து மருந்துக்கு ஆற்றல் கடத்தப்படுகிறதா என்ற ஐயமும் எழலாம். உங்கள் உமிழ்வு நிகழும் 445 நானோமீட்டரில் மருந்தின் உறிஞ்சல் வால்பகுதி மட்டுமே இருப்பதாலும், ஆற்றல் கடத்தல் நிகழ்ந்தால் ஆயுட்காலம் குறைந்தே தீரும் என்பதாலும் அதை விலக்கிவிடலாம்.

செய்து பார்க்க எளிய சோதனைகள் சில உள்ளன. கார்பன் புள்ளிகள் மட்டும் உள்ள குவெட்டை வழக்கமான இடத்தில் வைத்து, கிளர்வொளி வரும் பாதையில் அதற்கு முன்னால் மருந்து மட்டும் உள்ள மெல்லிய குவெட்டை நிறுத்துங்கள். இரண்டும் கலக்கவே இல்லை. எனினும் ஒளிர்வு குறைந்தால் அது உள்வடிகட்டலே. முன்னால் நிற்கும் குவெட்டின் பாதைநீளத்தை அறிந்து அதற்கேற்பக் கணக்கிட வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். அடுத்து, கலந்த கரைசலை 1 சென்டிமீட்டர் குவெட்டிலும் 3 மில்லிமீட்டர் குவெட்டிலும் அளந்து ஒப்பிடுங்கள். உண்மையான தணிப்பாக இருந்தால் இரண்டிலும் ஒரே விகிதத்தில் குறையும். உள்வடிகட்டலாக இருந்தால் குறுகிய குவெட்டில் விளைவு வெகுவாக மங்கிவிடும்.

இன்னொன்று. சிட்ரிக் அமிலம், எத்திலீன் டைஅமின் இணையில் கிடைக்கும் நீல ஒளிர்வின் பெரும்பங்கு, ஐபிசிஏ எனப்படும் சிறிய கரிம ஒளிர்மூலக்கூறிலிருந்து வருகிறது என்று 2015-இலேயே காட்டப்பட்டுவிட்டது. 2004-இல் ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கண்டறியப்பட்ட கார்பன் துகள்களுக்கும் இந்தக் கரைசலுக்கும் தன்மையில் வேறுபாடு பெரிது. டயாலிசிஸ் பையில் இட்டுப் பலமுறை நீர் மாற்றிய பின், பைக்கு வெளியே சென்ற நீர் உள்ளே இருப்பதைவிடப் பிரகாசமாக ஒளிர்கிறதா என்று யுவி விளக்கின் கீழ் ஒருமுறை பாருங்கள். அப்படி ஒளிர்ந்தால், நீங்கள் அளப்பது நானோபொருளின் ஒளிர்வா, சிறிய மூலக்கூறின் ஒளிர்வா என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டாக வேண்டும். தயாரிப்புக்குத் தயாரிப்பு முடிவு மாறுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.


மறுமொழி 2
பதிவர்: மருத்துவ_உயிர்வேதியியல்

மருத்துவமனை ஆய்வகத்தின் பக்கமிருந்து எழுதுகிறேன்.

மெத்தோட்ரெக்சேட்டைத் தேர்ந்தெடுத்தது நல்ல தேர்வு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கும் உயர்அளவுச் சிகிச்சையில், இம்மருந்தின் இரத்த அளவை அறியாமல் நோயாளியைப் பாதுகாக்க முடியாது. லெடர்லே ஆய்வகத்தில் இந்த மருந்து உருவாக வழிவகுத்த ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகடா சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதை இளம் ஆய்வாளர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

மருந்து உடலில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பொறுத்தே, அதன் நச்சுத்தன்மையிலிருந்து உடலைக் காக்கும் மருந்தான லூகோவோரின் எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பவை முடிவாகின்றன. மருந்து செலுத்தத் தொடங்கி 48 மணி நேரம் ஆன பின்னும் 1 மைக்ரோமோலாருக்கு மேல் இருந்தால், அல்லது 72 மணி நேரத்தில் 0.1 மைக்ரோமோலாருக்கு மேல் இருந்தால், வெளியேற்றம் தாமதமாகிறது என்று பொதுவாகக் கொள்கிறோம். ஆகவே உங்கள் முறை சரியாக அளக்க வேண்டிய இடம் 50 மைக்ரோமோலார் அன்று, 0.05-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பகுதியே முடிவெடுக்கும் பகுதி. இப்போது உங்கள் நீர்த்தலைக் கணக்கில் எடுங்கள். நோயாளியின் சீரத்தில் 0.1 மைக்ரோமோலார் இருந்து, அதை 100 மடங்கு நீர்த்தால் குவெட்டில் இருப்பது 1 நானோமோலார். நீங்கள் கூறும் கண்டறி வரம்பு 80 நானோமோலார். அதாவது, நீங்கள் நீர்த்த அந்தச் சீரத்தில் முதலில் 8 மைக்ரோமோலாருக்கு மேல் மருந்து இருந்தால்தான் உங்கள் முறைக்கு அது தெரியும். 24 மணி நேரத்தில் எடுக்கும் மாதிரிகள் சிலவற்றுக்கு இது போதும். அதற்குப் பின் எடுப்பவற்றுக்குப் போதாது.

அடுத்து, சீரத்துக்குச் சீரம் அடிக்கோடு மாறுவதைப் பற்றி. பிலிரூபின் 450 நானோமீட்டரை ஒட்டி வலுவாக உறிஞ்சுகிறது. இது உங்கள் உமிழ்வு அலைநீளத்தின் மேலேயே அமைகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த மாதிரியில் ஹீமோகுளோபின் 415 நானோமீட்டரில் கூர்மையாக உறிஞ்சும். இவ்விரண்டும் ஒளிர்வைக் குறைக்கும். உங்கள் முறையில் ஒளிர்வு குறைந்தால் மருந்து அதிகம் என்று பொருள்படுவதால், மஞ்சள் காமாலை உள்ள நோயாளிக்கு இல்லாத மருந்து இருப்பதாக முடிவு வரும். இந்தச் சிகிச்சையில் கல்லீரல் பாதிப்பும் பிலிரூபின் உயர்வும் நேரக்கூடியவை என்பதால் இதை அரிய நிகழ்வு என்று ஒதுக்கிவிட முடியாது. மறுபுறம், சீரத்துக்கு இயல்பாகவே நீல ஒளிர்வு உண்டு. அந்த ஒளி உங்கள் புள்ளிகளின் ஒளியோடு சேர்ந்துவிட்டால் மருந்து குறைவு என்று காட்டும். நான் அதிகம் அஞ்சுவது இந்த இரண்டாவது பிழையையே. முதற்பிழையால் லூகோவோரின் தேவையின்றித் தொடரும். இரண்டாவதால் அது முன்கூட்டியே நிறுத்தப்பட்டு, சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படலாம்.

குறுக்கீட்டுச் சோதனையில் நீங்கள் எவற்றைச் சேர்த்தீர்கள் என்று எழுதவில்லை. சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், கிளைசின், அஸ்கார்பிக் அமிலம் என்ற வழக்கமான வரிசையைப் பல கட்டுரைகளில் காண்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை 360 நானோமீட்டரில் உறிஞ்சுவதே இல்லை; ஆகவே இவை குறுக்கிடாததை வைத்துத் தேர்வுத்திறன் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த நோயாளியின் இரத்தத்தில் உண்மையில் இருப்பவற்றைச் சோதியுங்கள். லூகோவோரின் கட்டாயம் இருக்கும். மருந்தின் முதன்மை வளர்சிதைப் பொருளான 7-ஹைட்ராக்ஸி மெத்தோட்ரெக்சேட், பிந்தைய மணி நேரங்களில் தாய்மருந்தைவிட மிகுதியாகவே இருக்கும். அதற்கும் ஒளியை உறிஞ்சும் டெரிடின் வளையம் இருப்பதால், ஒளி உறிஞ்சலை மட்டும் நம்பும் முறை இரண்டையும் பிரித்தறியாது. மெத்தோட்ரெக்சேட்டைச் சிதைக்கும் நொதியான குளுகார்பிடேஸ் கொடுக்கப்பட்டவருக்கு டாம்பா என்ற சிதைவுப்பொருள் உருவாகும். அது இம்யூனோஅஸ்ஸேயையே ஏமாற்றுவதால்தான், அந்நொதி கொடுத்த பின் 48 மணி நேரம் வரை குரோமட்டோகிராஃபி முறையில் அளக்கச் சொல்கிறார்கள். ஃபோலிக் அமிலம், நுண்ணுயிர்க்கொல்லிகளான டிரைமெத்தோப்ரிம், சல்ஃபாமெத்தாக்சசோல் ஆகியவற்றையும் சேருங்கள்.

சிறுநீரில் அளந்தால் எளிது என்று சிலர் கூறுவதுண்டு. மருந்தின் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது, செறிவும் மிக அதிகம் என்பது சரி. ஆனால் அமிலச் சிறுநீரில் இம்மருந்து படிகமாகிச் சிறுநீரகக் குழல்களை அடைத்துவிடும் என்பதால், இந்நோயாளிகளுக்குச் சோடியம் பைகார்பனேட் கொடுத்துச் சிறுநீரின் பிஎச்-ஐ 7-க்கு மேல் வைத்திருப்போம். நீரேற்றமும் மிகுதியாக இருக்கும். நலமுள்ள தன்னார்வலரின் சிறுநீரில் சரிபார்த்த முறை இங்கே அப்படியே பொருந்தாது. கார்பன் புள்ளிகளின் ஒளிர்வு பிஎச்-ஐப் பொறுத்து மாறும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மேலும், லூகோவோரின் பற்றிய முடிவை நாங்கள் சீரத்தின் அளவைக் கொண்டே எடுக்கிறோம், சிறுநீரின் அளவைக் கொண்டு அன்று.

உங்கள் உணரிக்கு இடம் உண்டா என்றால், என் பார்வையில் நிச்சயமாக உண்டு. எல்லா மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனை இல்லை. மாதிரியை வேறு ஊருக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருக்கும் மருத்துவமனையில், அன்றே கிடைக்கும் ஓர் எண் சிகிச்சையின் போக்கையே மாற்றும். அந்த எண்ணை நம்ப முடிய வேண்டும், அவ்வளவே.


மறுமொழி 3
பதிவர்: பகுப்பாய்வாளன்

கண்டறி வரம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் 0.08 என்ற எண் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் கோட்டின் தொடக்கத்தில் 1 மைக்ரோமோலாருக்கு ஒளிர்வு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. அப்படியானால் 0.08 மைக்ரோமோலாருக்கான மாற்றம் 0.08 விழுக்காடு, அதை மூன்றால் வகுத்தால், வெற்றுக் கரைசலின் திட்டவிலக்கம் வெறும் 0.03 விழுக்காட்டை ஒட்டியது என்றாகிறது. ஒரே குவெட்டை எடுக்காமல், அசைக்காமல், அடுத்தடுத்து வாசித்தால் மட்டுமே இவ்வளவு சிறிய எண் கிடைக்கும். அது கருவியின் மின்னணு இரைச்சலைச் சொல்கிறதே அன்றி உங்கள் முறையின் துல்லியத்தைச் சொல்லவில்லை. பிப்பெட்டின் மாறுபாடு, குவெட்டைக் கழுவி மீண்டும் வைப்பதில் உள்ள மாறுபாடு, செனான் விளக்கின் மெதுவான சரிவு ஆகிய அனைத்தும் சேர வேண்டுமானால், வெற்றுக் கரைசலைப் பத்து முறை தனித்தனியாகத் தயாரித்து அளக்க வேண்டும். அப்போது திட்டவிலக்கம் அரை விழுக்காடாக இருந்தாலே நல்ல கைத்திறன் என்பேன். அந்த மதிப்பை இட்டால் கண்டறி வரம்பு 1.5 மைக்ரோமோலாராகிவிடும். வெற்றுப் பஃபரை அன்றி வெற்றுச் சீரத்தை, அதுவும் வெவ்வேறு மனிதர்களுடையதை எடுத்தால் இன்னும் உயரும்.

மீட்புச் சோதனையும் இப்படியே. நீர்த்த சீரத்தில் மருந்தைச் சேர்த்து உடனே அளப்பது, ஏறக்குறைய பஃபரில் அளப்பதுதான். 103 விழுக்காடு வந்ததில் வியப்பில்லை. இம்மருந்தில் பாதியளவு இரத்தப் புரதங்களோடு, பெரும்பாலும் அல்புமினோடு பிணைந்திருக்கும். ஆகவே நீர்க்காத சீரத்தில் சேர்த்து, 37 டிகிரியில் சிறிது நேரம் வைத்து, பிறகு அசிட்டோநைட்ரைல் கொண்டு புரதத்தைப் படியவைத்து, மையவிலக்கி, மேல்நீரை ஆவியாக்கிக் குறைந்த பஃபரில் மீண்டும் கரைத்து அளந்து பாருங்கள். நீர்த்தலைக் குறைக்க வழி கேட்டீர்கள், இதுதான் வழி. புரதத்தோடு ஹீமோகுளோபினும் பெருமளவு நீங்கிவிடும். பின்னும் குறுக்கீடு இருந்தால் திண்மநிலைப் பிரித்தெடுப்புக் கார்ட்ரிட்ஜுக்குப் போகலாம்.

மருந்துகளுக்கான பன்னாட்டு வழிகாட்டிகளை வகுக்கும் ஐசிஎச் அமைப்பு 2022-இல் வெளியிட்ட எம்10 வழிகாட்டி, குரோமட்டோகிராஃபி முறைகளின் தேர்வுத்திறனுக்குக் குறைந்தது 6 வெவ்வேறு மூலங்களிலிருந்து பெற்ற வெற்று மாதிரிகளைக் கேட்கிறது. சிவப்பணு சிதைந்த மாதிரியும் கொழுப்பு மிகுந்த மாதிரியும் தனியே வேண்டும். துல்லியமும் திரும்பத்தக்க தன்மையும் 15 விழுக்காட்டுக்குள், அளவிடும் எல்லையின் கீழ்முனையில் மட்டும் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கு இது கட்டாயம் அன்று என்றாலும், இந்த அட்டவணையை நிரப்பி அனுப்பினால் மதிப்பீட்டாளருக்குக் கேட்பதற்கு அதிகம் இருக்காது.


கேள்வியாளரின் மறுமொழி
பதிவர்: சீரம்_ஆய்வு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்குவெட் சோதனையைச் செய்து பார்த்தேன். பாதைநீளத்தைக் கணக்கில் எடுத்த பின், கலந்த கரைசலில் கண்ட குறைவில் பெரும்பகுதி, கலக்காமலேயே கிடைத்துவிடுகிறது. 3 மில்லிமீட்டர் குவெட்டிலும் விளைவு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே நிலைத் தணிப்பு என்ற பகுதியைக் கட்டுரையிலிருந்து நீக்கி, உள்வடிகட்டல் என்றே எழுத நெறியாளரும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அதை எழுதிவிட்டால், வெறும் நிறமாலைமானி தருவதைவிட இம்முறை கூடுதலாக என்ன தருகிறது என்ற கேள்வி வருகிறது. தேர்வுத்திறனுக்காக மூலக்கூறு அச்சுப்பதித்த (மருந்தின் வடிவில் குழிகள் கொண்ட) சிலிக்கா உறையைப் புள்ளிகளின் மேல் பூசலாமா, அல்லது இம்மருந்தின் இலக்கு நொதியான டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸைப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கிறோம். இவ்விரண்டில் எது ஏற்றது?


மறுமொழி 4
பதிவர்: நானோ_உயிருணரி

இரண்டையும் என் ஆய்வுக்காகக் கையாண்டிருக்கிறேன். என் சாய்வு நொதியின் பக்கமே.

அச்சுப்பதித்த சிலிக்காவின் வேதியியல் எளிது. மருந்தை அச்சாக வைத்து, அமினோபுரோப்பைல் டிரைஎத்தாக்ஸிசிலேனும் டெட்ராஎத்தில் ஆர்தோசிலிக்கேட்டும் சேர்த்து உறையை வளர்த்து, பின் அச்சைக் கழுவி நீக்க வேண்டும். இடர் அந்தக் கழுவலில்தான் உள்ளது. எவ்வளவு கழுவினாலும் உறைக்குள் சிறிது மருந்து தங்கிவிடும். அது மெல்லக் கசிந்து வெளிவரும்போது, உங்களுக்கு மிக முக்கியமான 0.1 மைக்ரோமோலார் பகுதியையே கெடுக்கும். அச்சுப்பதிக்காத உறையைத் தயாரித்து இணையாக அளக்காத எந்த முடிவையும் நம்ப வேண்டாம். தவிர, லூகோவோரினும் 7-ஹைட்ராக்ஸி வடிவமும் உருவத்தில் மிக நெருங்கியவை என்பதால் அந்தக் குழிகளில் அவையும் நுழையும். குறிப்பாக நீரில், ஹைட்ரஜன் பிணைப்பை நம்பி அமைத்த குழி தன் தேர்வுத்திறனில் பெரும்பங்கை இழந்துவிடுகிறது.

டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸோ இம்மருந்தைப் பிக்கோமோலார் அளவிலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. இவ்வளவு வலிய பிணைப்பை எந்தச் செயற்கைக் குழியிலும் நான் கண்டதில்லை. டிரைமெத்தோப்ரிம் பாக்டீரியாவின் நொதியை வலுவாகப் பற்றும், மனித நொதியை மிகப் பலவீனமாகவே பற்றும் என்பதால், மனித நொதியைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குறுக்கீடும் பெரும்பாலும் நீங்கும். ஒளி குறைவதை அளக்காமல், ஒளி கூடுவதை அளக்கும்படி முறையை அமைப்பதே நல்லது. நொதியை ஒளிரும் துகளின் மேல் பொருத்துங்கள். மெத்தோட்ரெக்சேட்டின் குளூட்டமேட் பகுதியில் உள்ள காமா கார்பாக்சில் தொகுதியின் வழியாக ஒளிதணிக்கும் சாயமொன்றை இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் இணைத்தால் நொதியோடு பிணையும் ஆற்றல் பெரிதாகக் கெடுவதில்லை. மாதிரியில் உள்ள மருந்து முதலில் நொதியைப் பிடித்துக்கொண்டால், சாயம் ஏந்திய மருந்துக்கு இடமிருக்காது. ஒளி அணையாமல் நிற்கும். மருந்து கூடக் கூட ஒளி கூடும். பிணைந்த மருந்து மிக மெதுவாகவே விடுபடும் என்பதால், மாதிரியை முதலிலும் சாயம் ஏந்தியதைப் பிறகும் சேர்க்கும் வரிசையைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் நேரத்துக்கு நேரம் முடிவு மாறும்.

இந்த அமைப்பில் உங்கள் நீலப் புள்ளிகள் பொருந்தா என்பதையும் சொல்ல வேண்டும். நொதி மருந்தை வலுவாகப் பற்ற, அதன் துணைநொதியான என்ஏடிபிஎச் உடனிருக்க வேண்டும். அதுவோ 340 நானோமீட்டரில் கிளர்ந்து 460-இல் தானே ஒளிர்கிறது. ஆகவே சிவப்பில் ஒளிரும் துகளுக்கு மாறுங்கள். மாட்டுச் சீர அல்புமினில் வளர்க்கும் தங்க நானோகொத்துகள் 640 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்கின்றன; 2009-இல் வெளியான அந்தச் செய்முறை மிக எளிமையானது. தங்க உப்பை அல்புமினோடு கலந்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, 37 டிகிரியில் ஓரிரவு வைத்தால் போதும். ஒளிர்வுத் திறன் 6 விழுக்காட்டை ஒட்டியதுதான் என்பது குறை. ஆனால் சீரத்தின் சொந்த ஒளிர்வு அந்தப் பகுதியில் மிகக் குறைவு, மெத்தோட்ரெக்சேட்டோ பிலிரூபினோ 640-இல் உறிஞ்சுவதில்லை, ஹீமோகுளோபினின் 541, 577 பட்டைகளும் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. கிளர்வை 500 நானோமீட்டரை ஒட்டி வைத்தால் மருந்தின் உள்வடிகட்டல் முற்றிலும் நீங்கும். பிலிரூபினுடையது குறையும், முழுதும் நீங்காது. அதற்கு மேற்கூறிய புரதநீக்கம் தேவைப்படும். அசிட்டோநைட்ரைல் சிறிதளவு எஞ்சினாலும் நொதி பாதிக்கப்படலாம் என்பதால் நன்கு ஆவியாக்கிவிடுங்கள். தங்கக் கொத்துகளின் ஒளிர்வைத் தாமிர, பாதரச அயனிகளும் சில தயோல்களும் அணைக்கும். குறுக்கீட்டுப் பட்டியலில் இப்போது அவற்றுக்கும் இடம் உண்டு.

மனித நொதியைப் பெறும் செலவு பெரிதாக இருந்தால், நானோபொருளே இல்லாத பழைய முறையொன்றையும் ஒப்பீட்டுக்காகச் செய்து பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் தானாக அதிகம் ஒளிராது. பெர்மாங்கனேட் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் 2,4-டைஅமினோடெரிடின்-6-கார்பாக்சிலிக் அமிலமாகப் பிளந்து நன்கு ஒளிரும். உங்கள் புதிய உணரி இதைவிடச் சிறந்தது என்று காட்ட முடிந்தால், அதுவே கட்டுரையின் வலிமையான பத்தியாக அமையும்.


மறுமொழி 5
பதிவர்: மருத்துவ_உயிர்வேதியியல்

நோயாளிகளின் மாதிரிகளுக்கு வரும்போது ஒரு குறிப்பு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, மருத்துவமனையில் ஏற்கெனவே அளந்து முடித்து எஞ்சிய சீரத்தைப் பெற முடியும். புதிதாக ஊசி போட வேண்டியதில்லை, ஒப்பிடுவதற்கான மதிப்பும் கூடவே கிடைக்கும். 24, 48, 72 மணி நேர மாதிரிகள் மூன்றும் ஒரே நோயாளியுடையவையாகக் கிடைத்தால் மிக நல்லது. வளர்சிதைப் பொருளின் விகிதம் ஏறும்போது உங்கள் முறை விலகுகிறதா என்பது அதில்தான் தெரியவரும்.

மெத்தோட்ரெக்சேட் ஒளியில் சிதையும் என்பதால், மாதிரிக் குழாய்களை எடுத்த கணத்திலிருந்து அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். சிதைவினால் உருவாகும் டெரிடின்கள் தாமே நீல ஒளி தருவன. ஒளிர்வுமானியின் ஷட்டரை வாசிப்புக்கு வாசிப்பு மூடிவையுங்கள். குவெட் கிளர்வொளியில் தேவையின்றி நிற்க வேண்டாம்.